கணப்போடு ஆறு குளிர்காலம்

முதல் குளிர்காலத்திலேயே எங்கள் வீட்டுப் பின்பக்க மரத்தளத்தில் ஒரு பலகை கரிந்துபோனது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆறு வருடமாகியும் அந்தப் பலகையை நான் மாற்றவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை இரவு, வீட்டுக்குள் விறகெரிக்கும் கணப்பில் தீ மூட்டிக் குளிர்காய்ந்தோம். பதினோரு மணிக்கெல்லாம் தீ அடங்கிவிட்டது. மறுநாள் சாயங்காலம் சாம்பலின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் அள்ளிப் பின்கதவுக்கு வெளியே வைத்தேன். காலையில் கொட்டிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். இரவு இரண்டு மணி வாக்கில் மனைவி உலுக்கி எழுப்பினாள். “ஏங்க, ஏதோ பிளாஸ்டிக் பொசுங்குற நாத்தம் வருது, எழுந்திரிங்க.” கதவைத் திறந்தால் வாளி பாதி உருகி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அதன் கீழே பலகை சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. தீ நாக்கு எதுவும் எழும்பவில்லை. ஆனால் காற்று வீசும்போதெல்லாம் அந்தச் சிவப்பு பளிச்சென்று விரிந்து, பிறகு சுருங்கியது. கதவு நிலைக்கும் அதற்கும் இடையே ஒரு முழம்கூட இருந்திருக்காது. உள்ளே நாங்கள் மூன்று பேரும் என் அம்மாவும் தூங்கிக்கொண்டிருந்தோம்.

நீறு பூத்த நெருப்பு என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், எழுதியிருக்கிறேன். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். சாம்பல் நல்ல போர்வை. உள்ளே இருக்கும் கங்குக்குக் காற்றை மிகக் கொஞ்சமாகத்தான் விடும், அதனால் கங்கு சீக்கிரம் தீர்ந்துபோகாது. சூட்டையும் வெளியே விடாது, அதனால் மேலே தொடும் கைக்கு ஒன்றும் தெரியாது. அப்படியே விட்டால் நான்கு நாள் வரைகூடக் கங்கு உயிரோடு இருக்கும். நாம் கரண்டியால் அள்ளி வாளியில் கொட்டும்போது போர்வை கலைகிறது, புதுக் காற்று கிடைக்கிறது, கங்கு விழித்துக்கொள்கிறது. ஆறிவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில் நாமே அதைக் கிளறி எழுப்பிவிடுகிறோம்.

இப்போது எங்களிடம் இறுக்கமான மூடி போட்ட இரும்பு வாளி இருக்கிறது. அதைத் தவிர வேறு எதிலும் சாம்பல் அள்ளுவதில்லை. அட்டைப்பெட்டி, காகிதப்பை, பிளாஸ்டிக், குப்பைத்தொட்டி எதுவும் கூடாது. அள்ளியதும் வாளியை வீட்டை விட்டுப் பத்தடி தள்ளி, வெறும் கல்தரையில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். மரத்தளம், வண்டி நிறுத்துமிடம், விறகு அடுக்கு எதற்கும் பக்கத்தில் வைப்பதில்லை. நான்கு நாள் கழித்துத்தான் மூடியைத் திறப்பேன். அப்போதும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறிப் பார்த்த பிறகே கொட்டுவேன். வாக்யூம் கிளீனரைக் கொண்டு சாம்பலை உறிஞ்சுவது மிகவும் தவறு. உள்ளே போகும் ஒரு சின்னக் கங்கு, அந்தக் காற்று வேகத்தில் பையையே எரித்துவிடும். கங்கே இல்லாவிட்டாலும் சாம்பலின் நுண்தூள் வடிகட்டியைத் தாண்டி அறை முழுக்கப் பரவும்.

அதற்காகத் தினமும் துடைத்து எடுக்கவும் வேண்டாம். அடியில் ஓர் அங்குலம் சாம்பல் இருந்தால் தணல் நன்றாக நிற்கும், அடித்தளக் கல்லும் நேரடிச் சூட்டிலிருந்து தப்பிக்கும். பருவம் முடிந்ததும் மட்டும் சுத்தமாக அள்ளிவிட வேண்டும். சாம்பல் காரத்தன்மை கொண்டது. மழைக்கால ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தால் விறகைத் தாங்கும் இரும்புத் தட்டியையும் செங்கல் இடைவெளிக் காரையையும் அரித்துவிடும்.

சாம்பலை முதலில் சொல்லிவிட்டேன். நாங்கள் அடிபட்டுக் கற்ற வரிசை அதுதான். முறைப்படி பார்த்தால் எல்லாம் விறகிலிருந்துதான் தொடங்குகிறது.

வீட்டை வாங்கியபோது பின்பக்கம் ஒரு விறகு அடுக்கும் சேர்ந்தே வந்தது. அது தீரும் நிலைக்கு வந்ததும் நானே ஆள் சொல்லி விறகு வாங்கிப் போட்டேன். “காய்ந்த விறகுதான்” என்றுதான் சொன்னார்கள். நானும் நம்பினேன். பற்றவைத்தால் பற்றாது. பற்றினாலும் புகைந்துகொண்டே இருக்கும். விறகின் இரு முனைகளிலும் நுரை நுரையாகத் தண்ணீர் கசிந்து ‘உஸ்... உஸ்...’ என்று சத்தம் போடும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சின்ன வயதிலிருந்து விறகு அடுப்பில் சமைத்தவர். “ஏம்ப்பா, இந்த விறகு அழுவுதே, உனக்குக் கேக்கலையா?” என்றார். எழுந்துபோய் அடுக்கிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து வந்து ஒன்றோடு ஒன்று தட்டினார். தொம் என்றது. பழைய அடுக்கில் மிஞ்சிக் கிடந்த இரண்டைத் தட்டினார். ‘டங்’ என்று மணிபோலக் கேட்டது. “இது விறகு. அது இன்னும் மரம்” என்றார்.

அவர் காதால் சொன்னதைத்தான் பிறகு நான் ஈரமானி வாங்கி எண்ணில் பார்த்தேன். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதி அளவுக்குத் தண்ணீராக இருக்கலாம். எரிக்கத் தகுந்த விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எங்கள் விறகு 34 காட்டியது. ஈரமானியின் ஊசியை விறகின் வெளிப்புறத்தில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை, வெயில் பட்ட பக்கம் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும். கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். கருவி இல்லாவிட்டாலும் அடையாளங்கள் உண்டு. காய்ந்த விறகின் முனையில் நடுவிலிருந்து விரியும் வெடிப்புகள் தெரியும், பட்டை எளிதில் கழன்று வரும், தூக்கினால் அதன் பருமனுக்கு எடை குறைவாக இருக்கும், நிறம் மங்கியிருக்கும்.

ஈர விறகு சூடு தராது என்பது சின்னக் குறைதான். ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துச் சொட்டுக்கூட மிஞ்சாமல் வற்றவிட எவ்வளவு எரிபொருள் போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஈர விறகுக்குள் அந்தத் தண்ணீர் இருக்கிறது. அது ஆவியாகும் வரை நெருப்பின் சூடு அதற்கே போய்விடுகிறது. தீ குளிர்ந்து போகிறது, மரத்திலிருந்து வெளிவரும் வாயுக்கள் எரியாமலே புகையாக மேலே போகின்றன. அந்தப் புகை எங்கே போய் என்ன ஆகிறது என்பதுதான் பெரிய விஷயம். அதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

விறகைக் காயவைப்பது பொறுமை வேண்டிய வேலை. முழுக் கட்டையாகப் போட்டால் பட்டை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பிளந்து போட வேண்டும். தரையில் படாமல் இரண்டு குறுக்குக் கட்டைகளின் மேல் அடுக்க வேண்டும். மேலே மட்டும் மழைக்கு மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். தார்ப்பாயால் முழுக்கச் சுற்றி மூடியது நான் செய்த இன்னொரு தப்பு, உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. இலகுவான மரம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்தில் காயும், வைரம் பாய்ந்த கட்டைக்கு இரண்டு வருடம்கூடத் தேவைப்படும். அடுக்கைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கறையானுக்கு அது வீட்டுக்குள் வரும் பாலம், தீப்பொறிக்கும் அப்படித்தான்.

பிசின் உள்ள மரத்தை எரித்தால் புகைபோக்கி கெட்டுவிடும் என்று பலர் சொல்வார்கள். எந்த மரம் என்பதைவிட எவ்வளவு காய்ந்தது என்பதுதான் முக்கியம் என்பது என் அனுபவம். நன்றாகக் காய்ந்த பைன் விறகு, ஈரமான ஓக்கைவிட எவ்வளவோ மேல்.

சரி, புகைக்கு வருவோம்.

அந்த ஈர விறகை ஒரு பருவம் முழுக்க எரித்தோம். அடுத்த இலையுதிர்காலத்தில் புகைபோக்கி சுத்தம் செய்பவரை முதல் தடவையாக அழைத்தேன். வயதானவர், நிதானமாகப் பேசுபவர். கணப்பின் வாயைத் துணியால் மூடிவிட்டு, நீண்ட கம்பியில் கோத்த தூரிகையை மேலே செலுத்தித் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் கையில் விரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சில்லு இருந்தது. கண்ணாடிபோலப் பளபளத்தது. தார் வாசனை அடித்தது. அதில் ஒரு துணுக்கை உடைத்து இடுக்கியில் பிடித்து, வெளியே கல்தரையில் நின்று லைட்டரைக் காட்டினார். குமிழ் குமிழாகப் பொங்கி, பிறகு குபுக்கென்று பற்றியது. இதே சரக்குதான் உங்கள் புகைபோக்கியின் உட்சுவர் முழுக்கப் பூசியிருக்கிறது என்றார். எனக்கு முதுகுத்தண்டில் சிலிர்த்தது. அதன் கீழேதான் குளிர்காலம் முழுக்க என் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பெயர் கிரியோசோட். புகை என்பது எரியாமல் தப்பித்துப் போகும் எரிபொருள்தான். அது மேலே ஏறும்போது சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால், குளிர்ந்த சுவரில் நீராவி படிவதுபோல உட்சுவரில் படிந்துவிடும். முதலில் வெறும் கரித்தூளாக இருக்கும், தூரிகையால் எளிதில் உதிரும். அடுத்த நிலையில் மொறுமொறுப்பான செதில்களாகும். மூன்றாவது நிலையில் இப்படிக் கண்ணாடித் தாராக இறுகிவிடும். அப்போது சாதாரணத் தூரிகையால் எடுக்க முடியாது, சிறப்பு முறைகள் வேண்டும். எங்கள் புகைபோக்கி மூன்றாம் நிலையைத் தொட்டிருந்தது. இரண்டு தடவை வந்து வேலை செய்துதான் முடித்தார்.

படிவு பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,100 டிகிரி வரை போகக்கூடும். உள்ளே பதித்திருக்கும் சுட்ட களிமண் குழாய் வெடிக்கும், காரை உதிரும். அந்த வெடிப்பு வழியாகச் சூடு, சுவரை ஒட்டிய மரச் சட்டங்களைப் போய்த் தொடும். சில புகைபோக்கித் தீ யாருக்கும் தெரியாமலே நடந்து அடங்கிவிடுவதும் உண்டு. குழாய் வெடித்தது தெரியாமல் அடுத்த தடவை நிம்மதியாகத் தீ மூட்டுவார்கள். அதனால்தான் சுத்தம் செய்பவர் அந்தக் காலத்து வெறும் தூரிகையோடு நிறுத்தாமல் உள்ளே கேமராவையும் விட்டுப் பார்க்கிறார்.

வருடத்துக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 211 எண் தரவிதியில் உள்ள கணக்கு. படிவின் கனம் 3 மில்லிமீட்டரை எட்டினால் சுத்தம் செய்துவிட வேண்டும். நீங்கள் கொஞ்சமாகத்தான் எரிக்கிறீர்கள் என்றாலும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு வருடம் நாங்கள் பத்துத் தடவைக்குமேல் தீ மூட்டியிருக்க மாட்டோம், ஆனால் வசந்தகாலத்தில் ஒரு பறவை மேலே கூடு கட்டியிருந்தது. உச்சியில் வைக்கும் மூடியின் கம்பிவலை ஒரு பக்கம் பிய்ந்திருந்ததுதான் காரணம். அந்த மூடி மழையைத் தடுக்கும், பறவையைத் தடுக்கும், கூரைமேல் பறக்கும் பொறியையும் தடுக்கும். இவ்வளவு சின்னப் பொருள் இவ்வளவு வேலை செய்வதைப் பார்த்த பிறகு, பெரிய காற்று அடித்த மறுநாளெல்லாம் கீழே நின்று நிமிர்ந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

புகைக்கரியை நாமே கையாள நேர்ந்தால் முகமூடியும் கையுறையும் கட்டாயம் வேண்டும். தொழில் காரணமாகப் புற்றுநோய் வரும் என்று முதன்முதலில் கண்டறியப்பட்டதே புகைபோக்கி சுத்தம் செய்தவர்களிடம்தான். லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-ல் அதை எழுதினார். அவர் பார்த்த நோயாளிகளில் பலர், சின்ன வயதிலேயே குறுகிய புகைபோக்கிகளுக்குள் ஏற்றிவிடப்பட்டவர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர் முகமூடியை ஒரு நிமிடம்கூடக் கழற்றாததைப் பார்த்தபோது எனக்கு அந்தக் குழந்தைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

அவரிடம் கற்ற இன்னொன்று, தீ மூட்டும் விதம். அதுவரை நான் கீழே காகிதம், அதன்மேல் சுள்ளி, அதன்மேல் கட்டை என்று கூடாரம்போலக் கட்டிப் பற்றவைப்பேன். அவர் தலைகீழாகச் சொன்னார். அடியில் பெரிய கட்டைகள், அவற்றின்மேல் குறுக்காக நடுத்தரக் கட்டைகள், அதற்கும் மேலே சுள்ளி, உச்சியில் காகிதம். பற்றவைப்பது உச்சியில். மெழுகுவர்த்திபோல மேலிருந்து கீழே எரிந்து இறங்கும் என்றார். மனம் ஒப்பவில்லைதான். ஆனால் செய்து பார்த்தபோது அறைக்குள் ஒரு இழை புகை வரவில்லை. காரணம் எளிது. கீழே இருக்கும் கட்டை சூடாகி வாயுக்களை விடும்போது அவை மேலே ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் தீயைத் தாண்டித்தான் போக வேண்டும், அங்கேயே எரிந்துவிடுகின்றன. புகைபோக்கியும் சீக்கிரம் சூடாகிவிடுகிறது. நடுவில் போய்க் கிளறிக்கொண்டிருக்கும் வேலையும் இல்லை.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டாம்பர் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகைவழியை மூடித் திறக்கும் அந்தத் தகடு, தீ மூட்டும் முன்பே முழுக்கத் திறந்திருக்க வேண்டும். கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தால் திறந்திருக்கிறது என்பதை நம்பாமல், டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது நல்லது. குளிர் நாளில் புகைவழிக்குள் கனமான குளிர்க்காற்று நிறைந்திருக்கும். அது கீழ்நோக்கி அழுத்தும், அப்போது மூட்டினால் புகை நேராக முகத்துக்கு வரும். தீக்குச்சியைக் கொளுத்தி ஊதி அணைத்து, அதன் புகையைக் கணப்பின் மேல்வாயில் காட்டிப் பாருங்கள். மேலே இழுத்தால் சரி. அறைப்பக்கம் திரும்பினால் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்து டாம்பர் அருகே அரை நிமிடம் பிடித்தால், குளிர்க்காற்று நகர்ந்து இழுவை தொடங்கிவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றிப் பற்றவைக்க நினைக்கவே வேண்டாம். அவற்றின் ஆவி ஒரு நொடியில் வெடித்து, ஊற்றிய கையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

வருடா வருடம் புகை திரும்புகிற வீடுகளில் புகைபோக்கியின் உயரத்தையும் பார்க்க வேண்டும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம் இருக்க வேண்டும். பத்தடிக்குள் இருக்கும் கூரையின் எந்தப் பகுதியைவிடவும் 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று கூரையில் மோதிச் சுழன்று புகையைக் கீழே தள்ளும்.

எங்களுக்கு இரண்டாவது பயம் வந்தது மூன்றாம் குளிர்காலத்தில். இந்தத் தடவை நெருப்பும் தெரியவில்லை, புகையும் தெரியவில்லை. உறவினர்கள் வந்திருந்தார்கள். சமையலறையில் காற்றை வெளியேற்றும் மின்விசிறி இரண்டு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. குளிர் என்று எல்லா ஜன்னலையும் சாத்தியிருந்தோம். கணப்பில் தீ அடங்கித் தணல் மட்டும் இருந்தது. சூடு வீணாக மேலே போகிறதே என்று நான் டாம்பரைப் பாதி மூடினேன். கொஞ்ச நேரத்தில் மனைவி தலைவலி என்றாள். காலையிலிருந்து வேலை, களைப்பு என்று நினைத்தோம். அம்மாவுக்குக் குமட்டியது. அப்போதுதான் மாடிப்படி அருகே இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தத் தொடங்கியது.

அதிர்ஷ்டவசமாக, யோசிக்காமல் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு, அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் குளிரில் நின்றோம். தீயணைப்பு நிலையத்துக்கு வெளியே இருந்துதான் போன் செய்தேன். அவர்கள் கருவியோடு வந்து உள்ளே அளந்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, பாதுகாப்பு என்று சொன்ன பிறகுதான் உள்ளே போனோம். அம்மாவையும் மனைவியையும் அன்றிரவே மருத்துவரிடம் காட்டினோம்.

தணல் மிக அழகானது. புகை வராது, சத்தம் வராது. அதனாலேயே ஆபத்து முடிந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் கார்பன் மோனாக்சைடை வெளிவிடுவதில் தணல் சளைத்ததில்லை. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடலாம். அன்று நான் புகைவழியைப் பாதி அடைத்தேன். மின்விசிறி வீட்டுக்காற்றை வெளியே இழுத்து, அந்த இடத்தை நிரப்பப் புகைபோக்கி வழியாகவே காற்றைக் கீழே இறக்கியது. இரண்டும் சேர்ந்துகொண்டன. இப்போது தீ எரியும்போது பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைக்கிறோம், அந்த மின்விசிறியைப் போடுவதில்லை. சாம்பல் முழுக்க ஆறும் வரை டாம்பர் திறந்தே இருக்கும். சூடு கொஞ்சம் வீணாகும். ஆகட்டும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்வீர்கள் என்றால் அலாரத்தை வாங்கி மாட்டுங்கள். புகைக்கு ஒன்று, கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்று, ஒவ்வொரு தளத்திலும், முக்கியமாகப் படுக்கையறைக்கு வெளியே. கணப்பை ஒட்டி மாட்ட வேண்டாம், அடிக்கடி வீணாகக் கத்தும், பிறகு நாமே பேட்டரியைக் கழற்றிவிடுவோம். மாதம் ஒரு தடவை பொத்தானை அழுத்திப் பார்ப்பது எங்கள் வீட்டில் மகளின் வேலை. அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்து, ஆயுள் முடிந்திருந்தால் சத்தம் வந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கணப்பில் என்ன போடக்கூடாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாயம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, மருந்தேற்றிப் பதப்படுத்திய மரம் எதுவும் வேண்டாம். பழைய பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக்கூட இருக்கும், அது புகையிலும் சாம்பலிலும் வரும். கடலில் மிதந்து ஒதுங்கிய கட்டையில் உப்பு ஏறியிருக்கும், எரித்தால் நச்சுப்புகை. பிளாஸ்டிக் பற்றிச் சொல்லவே வேண்டாம். பரிசுப்பொருள் சுற்றிவரும் பளபளப்புக் காகிதமும் அட்டையும் எரியும்போதே மேலே பறந்து புகைபோக்கிக்குள் போகும், படிவைப் பற்றவைக்க அது ஒன்றே போதும்.

தீ எப்போதும் சின்னதாக, ஆனால் சுறுசுறுப்பாக இருக்கட்டும். இரண்டு மூன்று கட்டை, தட்டியின் பின்பக்கம் தள்ளி, நல்ல மஞ்சள் சுவாலையோடு. வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்த்தால் அனல் அலையாடுவது மட்டும்தான் தெரிய வேண்டும். கறுப்போ வெள்ளையோ திரண்டு புகை வந்தால் ஏதோ சரியில்லை. விடிய விடிய மெல்லப் புகையட்டும் என்று விறகைத் திணித்து வைத்துவிட்டுத் தூங்கப்போவதுதான் கிரியோசோட் சேர்வதற்குச் சிறந்த வழி. தீ அணையாமல் நாங்கள் படுப்பதில்லை. ஒருவராவது பக்கத்தில் இருப்போம்.

குழந்தை உள்ள வீட்டில் முன்னால் கம்பிவலைத் தடுப்பு இல்லாமல் தீ மூட்டவே கூடாது. காய்ந்த விறகுகூடச் சில சமயம் படாரென்று வெடித்துப் பொறி தெறிக்கும். ஒரு தடவை எங்கள் கம்பளத்தில் விழுந்த பொறி மிளகு அளவுதான், அந்த இடத்தில் நூல் கருகி ஓட்டையானது. சுற்றிலும் மூன்றடிக்குத் துணி, காகிதம், நாற்காலி, விளையாட்டுப் பொருள் எதுவும் வைக்காமல் தரையில் வண்ண நாடா ஒட்டிக் கோடு போட்டோம். அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்பது நான்கு வயதுக்கும் புரிந்தது. கண்ணாடிக் கதவு உள்ள கணப்பாக இருந்தால், தீ அணைந்து வெகுநேரம் ஆனாலும் அந்தக் கண்ணாடி கையைச் சுடும். குழந்தைகளுக்கு அது தெரியாது.

புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதைச் சுத்தம் செய்பவர் சொல்ல, நான் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். தூரத்தில் ரயில் வருவதுபோல ஓர் இரைச்சல் சுவருக்குள் கேட்கும். சில சமயம் படபடவென்று வெடிக்கும் சத்தம், மேலே பொறிமழை, சூடான தார் நாற்றம். அப்படி என்றால் உடனே எல்லோரும் வெளியே போக வேண்டும், வெளியே இருந்து தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். போகிற வழியில் கண்ணாடிக் கதவை மூட முடிந்தால் மூடலாம், காற்று குறையும்; அதற்காக நின்று தாமதிக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கும் குழாய் சட்டென்று குளிர்ந்து வெடிக்கும், கணப்பின் வாய் வழியாகக் கொதிநீராவியும் அடிக்கும். தீ அடங்கிய பிறகும், ஒருவர் உள்ளே பார்த்துச் சரி என்று சொல்லும் வரை அதில் மறுபடி மூட்டக் கூடாது.

இவ்வளவு பாடுபட்டு இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. வீட்டைச் சூடாக்கத்தான் வேண்டும் என்றால் திறந்த கணப்பு சரியான கருவி கிடையாது. விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும், அறையின் சூடான காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மற்ற அறைகள் இன்னும் குளிர்ந்துபோகும். நமக்குக் கிடைப்பது தீயின் நேர்க்கதிர்ச் சூடு மட்டும்தான். கவுன்ட் ரம்ஃபோர்டு என்று அழைக்கப்பட்ட பெஞ்சமின் தாம்சன், 1790களில் கணப்பின் ஆழத்தைக் குறைத்துப் பக்கச்சுவர்களைச் சரிவாக்கியது இந்தக் கதிர்ச் சூட்டை அறைப்பக்கம் திருப்புவதற்காகத்தான். எங்கள் கணப்பின் பக்கச்சுவர்களும் அப்படிச் சரிந்தே இருக்கின்றன. ஆனாலும் கடுங்குளிர் நாளில் நாங்கள் அதை மூட்டுவதில்லை. இளங்குளிர் மாலைகளில் எல்லோரும் ஒரே இடத்தில் உட்காருவதற்காகத்தான் மூட்டுகிறோம். அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருக்கிறது. அவருக்கு மூச்சு சரியில்லாத நாளிலும், காற்று அசையாமல் புகை தெருவிலேயே தங்கிவிடும் நாளிலும் தீ கிடையாது. விறகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியவை, பக்கத்து வீட்டுக்காரரின் நுரையீரலுக்கும் சேர்த்துத்தான்.

போன வாரம் இந்தப் பருவத்துக்கான சுத்தம் முடிந்தது. தூரிகையில் வந்தது வெறும் கரித்தூள், இரண்டு கைப்பிடி அளவு. தீயறையின் பின்சுவரில் ஒரு செங்கல் இணைப்பில் காரை உதிர்ந்திருந்தது. அதற்குச் சாதாரண சிமெண்டு நிற்காது, சூட்டைத் தாங்கும் காரைதான் வேண்டும். வைத்து அடைத்து, முழுக்க இறுக விட்டிருக்கிறோம். அதன் பிறகு முதல் இரண்டு மூன்று தீயும் சின்னதாகத்தான் மூட்ட வேண்டும்.

நேற்று புது விறகு வந்து இறங்கியது. அம்மா வாசலிலேயே இரண்டு கட்டைகளை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிளந்து பின்பக்கம் அடுக்கிவிட்டேன். முனையில் மகள் சுண்ணக்கட்டியால் தேதி எழுதினாள், கீழே “அடுத்த வருஷமும் தொடாதே” என்று சேர்த்துக்கொண்டாள்.